பஞ்சர் கடையில் ஏமாறாதவர்

சின்னாளப்பட்டியில் கார் வைத்திருப்பவர்கள் இரண்டு வகை. பஞ்சர் கடையில் கேட்ட காசைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் ஒரு வகை. ஏமாறாதவர்கள் மற்றொரு வகை. ஏமாறாதவர் பெரும்பாலும் ஐம்பதைத் தொட்ட ஆண். சொந்தமாகச் சேலைக்கடையோ, நாலைந்து தறியோ, காந்திகிராமத்தில் வேலை பார்த்து வாங்கும் பென்ஷனோ இருக்கும். சுங்குடிச் சேலைக்கு முதல் விலை எங்கே தொடங்கி, கடைசி விலை எங்கே போய் நிற்கும் என்று அறிந்த ஊர்க்காரர் என்பதால், யார் சொல்லும் முதல் விலையையும் அவர் நம்புவதில்லை.

அவருடைய கார் ஏழெட்டு வருஷம் ஓடிய சின்னக் கார். டிக்கியில் ஸ்டெப்னி உண்டு. ஸ்டெப்னியில் காற்று கிடையாது. அதில் காற்று இருக்கிறதா என்று அவர் கடைசியாகப் பார்த்தது காருக்குப் பூஜை போட்ட அன்று.

பஞ்சருக்கான காரணங்கள் காலத்துக்கேற்ப மாறி வந்திருக்கின்றன. மாட்டுவண்டிக் காலத்தில் லாட ஆணி. இப்போது சென்ட்ரிங் பலகை பிரிக்கும் இடத்தில் சிதறும் ஆணி, லாரியிலிருந்து உதிரும் ஸ்க்ரூ. படுத்துக் கிடக்கும் ஆணியை முன்சக்கரம் தட்டி நிமிர்த்திவிட, பின்சக்கரம் வாங்கிக்கொள்ளும். ஏமாறாதவர் இந்த விளக்கத்தை ஏற்கமாட்டார். ஆணியைப் போட்டதே பஞ்சர் கடைக்காரன்தான் என்பது அவர் கட்சி. பெங்களூரு அவுட்டர் ரிங் ரோட்டில் பெனடிக்ட் ஜெபக்குமார் என்ற பொறியாளர் வேலைக்குப் போகும் வழியில் காந்தத்தை வைத்துப் பொறுக்கிய ஆணிகள் முப்பது கிலோவைத் தாண்டிய செய்தி பத்திரிகைகளில் வந்தது. ஏமாறாதவர் அதை எல்லா வாட்ஸப் குரூப்புக்கும் அனுப்பியிருப்பார். அனுப்பிய நாளிலிருந்து நாற்கரச் சாலையில் உள்ள எல்லாப் பஞ்சர் கடைகளும் அவர் கணக்கில் குற்றவாளிகள்.

ட்யூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் காற்று உடனே இறங்கிவிடாது. ஆணியே ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும். அதைப் பிடுங்காமல், காற்றடித்துக்கொண்டு, பக்கத்துக் கடை வரை மெதுவாக ஓட்டிப் போவதுதான் முறை. ஏமாறாதவர் முதல் காரியமாக ஆணியைப் பிடுங்குவார். டயர் உஸ்ஸென்று உட்கார்ந்த பிறகு விலை விசாரிப்பார்.

"தம்பி, பஞ்சருக்கு எவ்வளவு?"

"நூத்தம்பதுண்ணே."

"திண்டுக்கல்ல நூறு ரூபாய்க்குப் போடுறாங்க."

"அப்ப அங்கயே போட்டுக்கங்கண்ணே."

இந்தப் பதிலை உண்மையான யோசனையாக எடுத்துக்கொண்டு திண்டுக்கல்லுக்கே வண்டியை விடும் உட்பிரிவினர் உண்டு. தூரம் பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான். ஆனால் காற்றில்லாமல் ஓடும்போது டயரின் பக்கச் சுவர் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே நசுங்கிச் சூடாகும். திண்டுக்கல்லில் டயரைக் கழற்றினால் உள்ளே கறுப்புப் பொடியாக ரப்பர் உதிர்ந்து கிடக்கும். அதற்குப் பிறகு அதை எந்தப் பஞ்சரும் காப்பாற்றாது. ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போனவர் நாலாயிரத்துக்குப் புது டயர் வாங்கித் திரும்புவார். வீட்டில் கேட்டால், "எப்படியும் மாத்த வேண்டிய டயர்தான்" என்பார்.

பெரும்பான்மையினர் அங்கேயே நின்று பேசுகிறவர்கள். நூற்றைம்பது நூற்றிருபதாகி, நூறில் வந்து முடியக் கால் மணி நேரம் ஆகும். வெற்றி உறுதியானதும் ஏமாறாதவர் எதிரே உள்ள டீக்கடைக்குப் போய் உட்காருவார். நஷ்டம் தொடங்குவது அங்கேதான்.

ஏனென்றால் பஞ்சர் கடையில் பணம் போவது ரேட்டில் அல்ல, எண்ணிக்கையில். வேலை நடக்கும் வரிசையைப் பார்த்தால் இது விளங்கும். கழற்றிய சக்கரத்தில் காற்றை நிறைத்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்குவார்கள். அல்லது சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். ஓட்டை உள்ள இடத்தில் குமிழி விடாமல் வந்துகொண்டே இருக்கும். சும்மா எழுந்த சோப்பு நுரை ஒருமுறை வந்து அடங்கிவிடும். குமிழி வரும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு, குறடால் ஆணியை எடுத்து, முறுக்குள்ள ஊசியை உள்ளே விட்டு ராவி, பசை தடவிய ஸ்ட்ரிப்பைக் காதுள்ள ஊசியில் கோத்து ஏற்றி, ஊசியை வெடுக்கென்று உருவுவார்கள். வெளியே நீட்டும் நுனியை வெட்டிவிட்டு மறுபடி சோப்புத் தண்ணீர். கடைசியில் விரல்நுனியில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வைத்துப் பார்ப்பார்கள். அங்கும் குமிழி இல்லையென்றால் வேலை முடிந்தது.

நாணயமான கடையில் இவ்வளவுதான் நடக்கும். பெரும்பாலான கடைகள் நாணயமானவையே. அல்லாத கடையில், ஆள் டீக்கடையில் இருக்கும் நேரத்தில், ராவும் ஊசிக்கு டயரில் வேறு இடங்களிலும் வேலை கிடைத்துவிடும்.

"அண்ணே, நாலு எடத்துல ஓட்டை. வந்து பாருங்க."

ஏமாறாதவர் வந்து பார்ப்பார். நாலு இடத்திலும் குமிழி நிஜமாகவே வரும். ஒன்றுக்கு நூறு வீதம் நானூறைக் கொடுத்துவிட்டு, பேசாமல் இருந்திருந்தால் அறுநூறு ஆகியிருக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொள்வார்.

இவருக்கு நேரெதிர் லாரி டிரைவர். அவர் ரேட்டே கேட்கமாட்டார். தொட்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, ஊசி கையில் எடுக்கப்படும் முன்பே சாக்பீஸ் வட்டங்களை எண்ணிவிடுவார். பிடுங்கிய ஆணியைக் கையை நீட்டி வாங்கிப் பார்ப்பார். நாலு பஞ்சர் என்றால் நாலு வட்டம் இருக்க வேண்டும். ஆணி இல்லாத வட்டத்துக்கு ஒரு விளக்கம் இருக்க வேண்டும். அவரிடம் யாரும் கூடுதலாகக் கேட்டதில்லை.

சில செலவுகள் நியாயமானவை. டயரை ரிம்மிலிருந்து பிரித்து உள்பக்கமாக ஒட்டும் மஷ்ரூம் பஞ்சருக்கு வேலை அதிகம், காசும் அதிகம்; நாள்பட நிற்பதும் அதுதான். 6 மில்லிமீட்டருக்குப் பெரிய ஓட்டையையும், பக்கவாட்டில் விழுந்த ஓட்டையையும் அடைக்கக் கூடாது. இதைச் சொல்லும் கடைக்காரரை ஏமாறாதவர் டயர் விற்கப் பார்ப்பவர் என்று முடிவு கட்டி, அதே இடத்தில் ஸ்ட்ரிப் போட்டுத் தரும் அடுத்த கடையை மெச்சுவார்.

கணக்குத் தீர்க்கும் நேரத்தில் இலவசங்கள் தொடங்கும். மற்ற மூன்று சக்கரத்துக்கும் காற்று. பிறகு டிக்கியைத் திறந்து ஸ்டெப்னிக்கும். பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசம் என்ற விதியை இங்கே எடுத்துக்காட்டுவார். எத்தனை பவுண்டு வைக்க வேண்டும் என்று கேட்டால் மட்டும், "நீயே பாத்து வை" என்பார். டிரைவர் பக்கத்துக் கதவோரம் அந்த எண் ஒட்டப்பட்டிருக்கும். சின்னக் கார்களுக்கு அநேகமாக 30-லிருந்து 33-க்குள்.

2020-இல் வந்த விதித் திருத்தப்படி, டயர்க் காற்றைக் கண்காணிக்கும் கருவியும் பஞ்சர் கிட்டும் உள்ள ட்யூப்லெஸ் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. இதைப் படித்ததும் ஏமாறாதவர் ஆன்லைனில் ஒரு கிட் வாங்கிவிடுவார். ஆனால் ரேடியல் டயருக்குள் இரும்புக் கம்பிப் பின்னல் இருக்கிறது. அதைத் தாண்டி ஊசியை இறக்கத் தோள்பலம் வேண்டும். இரண்டு முறை முக்கிப் பார்த்துவிட்டு, கிட்டையும் காரையும் பழைய கடைக்கே கொண்டுபோவார்.

"ஸ்ட்ரிப்பு என்னோடது தம்பி. கூலி மட்டும் எவ்வளவு?"

"நூத்தம்பதுண்ணே."