அணுவைக் கழித்து அசைவைப் பிடிப்பவர்கள்

கே: புரதத்தின் வடிவம்தான் தெரிந்துவிட்டதே, அது அசைவதை வேறு கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டுமா?

ப: ஜான் கென்ட்ரூ குழு 1960-ல் துலக்கிக் காட்டிய மயோகுளோபினை எடுத்துக்கொள்ளுங்கள். தசையில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் புரதம். அந்த வடிவத்தில் ஆக்சிஜன் உள்ளே இருக்கும் இரும்பிடம் போய்ச் சேர வழியே இல்லை! ஆனாலும் போகிறது, திரும்பி வருகிறது. ஏதோ நகர்ந்து இடம் விடுகிறது. அசையாத படத்தில் அது தெரியாது.

கே: எல்லா அணுக்களையும் போட்டே ஓட்டலாமே?

ப: ஓட்டுகிறார்கள். 1977-ல் மெக்கேமன், கெலின், கார்ப்லஸ் மூவரும், ஹைட்ரஜனைத் தனியாக வைக்காமல் மற்ற அணுக்களைப் போட்டு, பிபிடிஐ என்ற மாட்டுக் கணையப் புரதத்தை ஓட்டினார்கள். 58 அமினோ அமிலங்களே கொண்ட பொடிசு. கிடைத்தது 9.2 பிகோநொடி, ஒரு நொடியை லட்சம் கோடிக் கூறாக்கினால் அதில் ஒன்பது சொச்சம். அணுக்கள் துடிக்கும் வேகத்தில், கணக்கின் ஓர் அடிக்கு சுமார் இரண்டு ஃபெம்டோநொடிக்கு மேல் தாண்டினால் கணக்கு சிதறிவிடும். அப்படியே போனால் ஒரு மில்லிநொடிக்கு 50,000 கோடி அடி. 2010-ல் இதே பிபிடிஐயை அந்த மில்லிநொடிவரை கொண்டுபோக, இந்த வேலைக்கென்றே கட்டிய ஆன்டன் கணினி தேவைப்பட்டது.

கே: அதனால்தான் எளிய மாதிரியா? அதில் எதைக் கழிப்பார்கள்?

ப: என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. லெவிட்டும் வார்ஷெலும் 1975-லேயே பிபிடிஐயின் பக்கக் கிளை ஒவ்வொன்றையும் ஒரே உருண்டையாக்கி, அந்தப் புரதம் மடிவதைக் கணக்கிட்டார்கள். (கார்ப்லஸோடு சேர்த்து இவர்களுக்கு 2013-ல் நோபல்.) நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் பிறந்த மார்ட்டினி மாதிரியில், ஹைட்ரஜனை விட்டுவிட்டு ஏறக்குறைய நான்கு அணுக்களுக்கு ஒரு மணி. செல் சவ்வில் புரதம் எப்படி உட்காருகிறது என்று கேளுங்கள், அழகாகச் சொல்லும். மடிவதைக் கேட்காதீர்கள், புரதத்தின் சுருள்களை முன்பே கட்டிப்போட்டுத்தான் ஓட்டவே தொடங்குகிறோம்.

கே: இவ்வளவு கழித்த பிறகு வருவதை நம்பலாமா?

ப: எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த விஷயம் இதுதான். 1996-ல் மோனிக் டிரியன் விசைகளின் நுணுக்கம் அத்தனையையும் தூக்கிவிட்டு, அருகருகே உள்ள அணுக்களுக்கிடையே ஒரே மாதிரி ஸ்பிரிங் மாட்டினார். எல்லாவற்றுக்கும் ஒரே விறைப்பு எண். ஆனாலும் மெதுவான, பெரிய அசைவுகள் விரிவான கணக்கில் வந்தபடியே வந்தன! அந்த அசைவுகளைப் பெரும்பாலும் தீர்மானிப்பது புரதத்தின் உருவம்தான், அணுவுக்கு அணு உள்ள விசை நுணுக்கம் அல்ல. கழித்துப் பார்த்ததால்தான் இது இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

கே: இதில் நம்மூர்ப் பெயர் உண்டா?

ப: இல்லாமலா? 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் அணுக்களைக் கெட்டியான கோளங்களாக மட்டும் கொண்டு, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பினால் அவை மோதாது என்று பார்த்து வரைபடமாக்கினார்கள். எளிய மாதிரிக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. புதிதாகக் கண்டறியும் புரத வடிவங்களை இன்றும் அந்த வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

கே: புரத வடிவத்தைக் கணித்துச் சொல்லும் ஆல்ஃபாஃபோல்ட் வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு?

ப: அது தருவது பெரும்பாலும் ஒரு நிலை. அங்கிருந்து அடுத்த நிலைக்குப் போகும் பாதைதான் நம் கேள்வி.

கே: கல்லூரி மாணவி நான். என் லேப்டாப்பில் முடியுமா?

ப: தாராளமாக. புரதத் தரவு வங்கியிலிருந்து 4ஏகேஇ கோப்பை இறக்குங்கள். ஈகோலை பாக்டீரியாவின் அடினிலேட் கைனேஸ், திறந்த நிலையில். 214 அமினோ அமிலங்களுக்கு 214 புள்ளிகள், சுமார் 15 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருப்பவற்றுக்கிடையே ஸ்பிரிங். 642 அசைவுகள் வரும். முதல் ஆறைத் தள்ளுங்கள், அவை புரதம் முழுதாக நகர்வதும் சுழல்வதுமே. ஏழாவதிலிருந்து ஒவ்வொன்றாக ஓட்டி, மூடிய நிலையான 1ஏகேஇயோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.