பருந்துக் குடியியல்

அகப்பொருள் இலக்கணம் பாலைக்குரிய பறவைகளைச் சொல்லும்போது புறாவையும் பருந்தையும் ஒரே வரிசையில் வைக்கிறது. கூடவே எருவையும் கழுகும் வருகின்றன. இரையையும் அதைத் தின்பதையும் ஒரு நிலத்துக்குள் வைத்த இந்த வகுப்பு, வெயிலில் நின்று பார்த்தவர்கள் செய்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. புறா செழித்த இடத்துக்குப் பருந்து வந்துசேரும். நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க்கில் 1991-ல் நடந்தது அதுதான். அந்த ஆண்டு அங்கே குடியேறிய ஒரு செவ்வால் பருந்து, அதற்கு வாய்த்த இணைகள், அவை கட்டிய கூடு, அந்தக் கூட்டைக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த மனிதர்கள் ஆகிய இவற்றைப் பற்றியது இந்தச் சிற்றாய்வு. இதில் நான் நிறுவ விரும்புவது ஒன்றுதான். கண்ணுக்குத் தெரிந்த கூட்டை அந்த ஊர் மக்கள் மீட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத நஞ்சிலிருந்து பருந்துகளை மீட்க அவர்களால் முடியவில்லை.

முதலில் நிலம். சென்ட்ரல் பார்க் 843 ஏக்கர். ஓம்ஸ்டெட், வாக்ஸ் என்ற இருவர் வரைந்த திட்டப்படி உருவாகி 1858 முதல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. புல்வெளி, மரக்கூட்டம், நீர்நிலை என்று உள்ளே எல்லாம் உண்டு; நான்கு புறமும் செங்குத்தாக எழும் கட்டடங்கள். செவ்வால் பருந்து மரம் இருக்கும் ஊரில் உயர்ந்த மரத்தைத் தேடும். மரமில்லாத வறண்ட பிரதேசங்களில் பாறைச் சரிவின் விளிம்பில் கூடு வைக்கும். அதற்கு வேண்டியவை உயரம், கீழே திறந்த வெளி, கண்ணுக்கெட்டும் தூரத்தில் இரை. இம்மூன்றும் ஒரு மாடியின் விளிம்பில் கிடைக்குமானால் அந்த மாடியும் அதற்கு மலைதான். புறாவின் மூதாதையரும் கடலோரப் பாறை இடுக்குகளில் வாழ்ந்தவைதாம். பருந்தும் புறாவும் நகரத்தில் சந்தித்துக்கொண்டதில் வியக்க ஒன்றுமில்லை. நாம் அவற்றுக்கு மலை கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

1991-ல் வந்த பறவை இளம் ஆண். தலையும் மார்பும் வழக்கத்தைவிட வெளிறியிருந்ததால் மேரி வின் என்ற எழுத்தாளர் அதற்கு ‘பேல் மேல்’ (வெளிறிய ஆண்) என்று பெயரிட்டார். இப்பருந்துகளின் கதையை அவர் எழுதிய நூல் 1998-ல் வெளிவந்தது. அந்தப் பூங்காவில் பறவை பார்ப்பவர்களுக்கு ஏற்கெனவே ஒரு மரபு இருந்தது. படகுத்துறையில் ஒரு பதிவேடு வைத்திருந்தார்கள்; அன்றன்று கண்ட பறவை, கண்ட இடம், செய்த செயல் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் வந்து எழுதலாம். பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்தப் பதிவேட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பேல் மேலும் அதன் முதல் இணையும் ஆரம்பத்தில் பூங்காவின் மரத்தில்தான் கூடு கட்டப் பார்த்தன. காக்கைகள் விடவில்லை. 1993-ல் பேல் மேல் பூங்காவை விட்டு ஐந்தாம் அவென்யூவைக் கடந்து, 74ஆம் தெருமுனையில் உள்ள 927ஆம் எண் கட்டடத்துக்குப் போனது. 1917-ல் வாரன், வெட்மோர் நிறுவனத்தார் வடிவமைத்த பன்னிரண்டு மாடிச் சுண்ணாம்புக்கல் மாளிகை அது. மேல்மாடி ஜன்னல் ஒன்றின் தலைக்குமேல் வளைந்த அலங்கார விளிம்பு உண்டு. அங்கே புறா உட்காராமலிருக்க எஃகு முட்கள் பதித்திருந்தார்கள். முட்கள் புறாவை விரட்டின; பருந்து கொண்டுவந்து போட்ட சுள்ளிகளையோ இறுகப் பிடித்துக்கொண்டன. காற்றடிக்கும் அந்த உயரத்தில் வெறும் கல்லின்மேல் சுள்ளி நிற்காது. கூட்டுக்கு அடித்தளம் இட்டது புறாவை ஒழிக்க வைத்த கருவி.

இனிப் பொழுதும் புணர்ச்சியும். பருந்துகளின் காதலைப் பார்க்க வேண்டுமென்றால் குளிர்காலம் முடிவதற்குள் போக வேண்டும். மரங்கள் மொட்டையாக நிற்கும் ஜனவரி, பிப்ரவரியிலேயே இரண்டும் சேர்ந்து வானில் வட்டமிடத் தொடங்கிவிடும். ஆண் மேலேறி, சிறகை மடக்கிச் செங்குத்தாக விழுந்து, அதே வேகத்தில் மறுபடி எழும். சில நேரம் கால்களைத் தொங்கவிட்டபடி பெண்ணின் முதுகுக்கு மேலாக மெல்ல இறங்கும். நகத்தோடு நகம் கோத்துச் சுழன்றபடி இரண்டும் கீழிறங்குவதும் உண்டு. இவ்வினத்தில் பெண்தான் பெரியது. எடையில் ஆணைவிடக் கால் பங்கு கூடுதலாக இருக்கும். ஆகவே தூரத்தில் இரண்டு பருந்துகள் அருகருகே அமர்ந்திருந்தால் பெரியதைப் பெண் என்று கொள்க. வால் செங்கல் நிறமாக இருந்தால் வளர்ந்த பறவை. பழுப்புப் பட்டைகள் இருந்தால் இன்னும் முதிராத இளம் பறவை.

கூட்டுவேலையில் இரண்டுக்கும் பங்குண்டு. சுள்ளியை மரத்திலிருந்து ஒடித்தே கொண்டுவரும். முட்டையிடும் காலம் நெருங்க உட்குழியில் மரப்பட்டையும் புல்லும் பச்சைத் தழையும் சேரும். மார்ச் மாதத்தில் இரண்டு அல்லது மூன்று முட்டைகள். அடைகாப்பு ஏறத்தாழ ஐந்து வாரம் வரை போகும். பெண் பெரும்பாலான நேரம் உட்கார்ந்திருக்க, ஆண் இரை கொண்டுவரும். பெண் தின்னப் போகும்போது ஆண் அடையில் அமரும்.

கீழே நிற்பவருக்கு முட்டை தெரியாது என்பதே பருந்துக் கூட்டைப் பார்ப்பதிலுள்ள அழகும் துன்பமும். பொம்மைப் படகு விடும் குளத்துக்கு அருகிலுள்ள பெஞ்சில் டெலஸ்கோப்பை நிறுத்தி அண்ணாந்து பார்த்தால் சுள்ளிக் குவியலின் விளிம்பும் ஒரு தலையும் தெரியும். மற்றதெல்லாம் உய்த்துணர்வதுதான். பறவை எழுந்து, குனிந்து, அலகால் எதையோ மெல்லப் புரட்டிவிட்டு மறுபடி தாழ அமர்ந்தால் முட்டை இருக்கிறது. ஒருநாள் அதே பறவை இரையைக் கிழித்து, தானே விழுங்காமல், தலையைச் சாய்த்துக் கூட்டுக்குள் நீட்டினால் குஞ்சு பொரிந்துவிட்டது. தாயின் கழுத்தசைவைக் கொண்டே பிறப்பை அறிகிறார்கள். புகைகண்டு தீயை அறியும் அனுமானத்துக்குத் தருக்க நூலார் இன்னொரு எடுத்துக்காட்டு தேடுவார்களானால் இதை நான் தயங்காமல் முன்வைப்பேன்.

927ஆம் எண் கூட்டில் அந்தக் கழுத்தசைவுக்காக இரண்டு வசந்தங்கள் வீணே காத்திருந்தார்கள். 1995-ல்தான் முதல் குஞ்சுகள் வந்தன. பொரிந்து ஆறு வாரம் கடந்தால் குஞ்சுகள் கூட்டின் விளிம்பில் நின்று சிறகடித்துத் துள்ளும்; ஜூன் தொடக்கத்தில் ஒவ்வொன்றாக வெளியில் பாயும். கீழே ஐந்தாம் அவென்யூவில் பேருந்தும் டாக்சியும் ஓடிக்கொண்டிருக்க, முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு நின்றிருப்பார்கள். அந்த ஊரில் அது சாதாரண காரியமல்ல.

துணையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செவ்வால் பருந்துகள் பெரும்பாலும் இணைபிரியாதவை; ஆயினும் ஒன்று இறந்தால் மற்றது விரைவில் வேறு துணை கொள்ளும், பல நேரம் அதே கூட்டில். பேல் மேலுக்கு வாழ்நாளில் எட்டு இணைகள் வரை பார்வையாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இதைக் கற்பின்மை என்று சொல்வோர் பறவையை மனிதச் சட்டத்தால் அளக்கிறார்கள். அதன் உறுதி இடத்தின்மேல். ஆளுகைக்குட்பட்ட வெளி, அதன் நடுவில் ஒரு கூடு, அதை வருடந்தோறும் புதுப்பிக்கும் வேலை இவை நீடிக்கும்வரை குடும்பமும் நீடிக்கிறது.

அந்தக் கூட்டைத்தான் 2004 டிசம்பர் 7 அன்று எடுத்துப்போட்டார்கள். கட்டடத்தின் உரிமையாளர் குழு ஆளனுப்பி, சுள்ளிகளையும் அவற்றைத் தாங்கிய முட்களையும் ஒருசேர அகற்றியது. தின்று போட்ட எலியும் புறாவும் நடைபாதையில் விழுகின்றன என்பது நெடுநாள் முறையீடு. சட்டம் என்ன சொன்னது? வலசைப் பறவைகளுக்கான 1918ஆம் ஆண்டுச் சட்டம் செவ்வால் பருந்தையும் அதன் முட்டையையும் கூட்டையும் காக்கிறது. ஆனால் முட்டையோ குஞ்சோ இல்லாத கூட்டை அழிக்க அனுமதி தேவையில்லை என்று 2003-ல் கூட்டரசின் வனவுயிர்த் துறை ஒரு விளக்கம் தந்திருந்தது. டிசம்பரில் எந்தக் கூட்டிலும் முட்டை இருக்காது. ஆகவே ஏறத்தாழப் பத்தாண்டுகளாகத் தலைமுறைகள் பிறந்த இடம் சட்டத்தின் பார்வையில் அன்று சுள்ளிக் குவியல். கூட்டுக்கு வயது உண்டு, நினைவு உண்டு, அதற்குத் திரும்பி வருவோர் உண்டு என்பதை அந்த விளக்கம் எழுதியவர்கள் கணக்கில் கொள்ளவில்லை. அந்த விளக்கம் தவறு என்பது என் உறுதியான கருத்து. ஆண்டுதோறும் ஒரே கூட்டுக்கு மீளும் பறவைக்கு, வெறுமையாக இருக்கும் மாதங்களிலும் அது கூடுதான்.

சட்டம் கைவிட்டதைப் பார்வையாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பருந்துகளும் சுள்ளியைக் கொண்டுவந்து வெறுங்கல்லில் வைப்பதும் அது சரிந்து விழுவதுமாக இருந்ததை அவர்கள் கண்ணால் கண்டார்கள். எதிர்ச்சாரியில் கூடி நின்று முழக்கமிட்டார்கள். பருந்துக்காக ஹாரன் அடிக்கச் சொல்லி அட்டை பிடித்தார்கள், வாகனங்கள் அடித்துக்கொண்டே போயின. அதே கட்டடத்தில் குடியிருந்த நடிகை மேரி டைலர் மூரும் அவர்களோடு வந்து நின்றார். பறவைகளைக் காக்கும் நகரத்தின் ஆடுபான் சங்கத்தினர் பேச்சு நடத்தினார்கள். டிசம்பர் 23-ல் முட்கள் திரும்ப வைக்கப்பட்டன. அவற்றைத் தாங்க எஃகுத் தொட்டில் ஒன்றும் பொருத்தப்பட்டது. பருந்துகள் திரும்பி வந்து கட்டின.

பதினாறு நாளில் இது எப்படி முடிந்தது? பணக்கார விலாசத்தை எதிர்த்து நின்ற கூட்டத்திடம் பணமோ பதவியோ பெரிதாக இல்லை. அவர்களிடம் இருந்தது பதிவு. எந்த நாளில் முதல் சுள்ளி, எந்த நாளில் அடை, எத்தனை குஞ்சு, எது எந்த மரத்தில் முதலில் இறங்கியது என்று ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள். முகமும் பெயரும் வரலாறும் உள்ள ஒரு குடும்பத்தை வெளியேற்றிவிட்டார்கள் என்று அவர்களால் சொல்ல முடிந்தது. தினமும் பார்த்தவர்களின் சாட்சியத்துக்கு ஊர் செவிசாய்த்தது.

ஆனால் தொட்டில் வந்த பிறகு பல ஆண்டுகள் அங்கே முட்டை பொரியவில்லை. தொட்டிலின் கம்பிகள்மேல் ஐயம் விழுந்து அவற்றைத் திருத்தியும் பார்த்தார்கள். பேல் மேலின் அப்போதைய இணையான லோலா 2010 முடிவில் காணாமல் போய், புதிய இணை வந்தபின் 2011-ல் அதே தொட்டிலில் குஞ்சுகள் பொரிந்தன. அதே 2011-ல் வாஷிங்டன் ஸ்கொயர் பூங்காவை ஒட்டிய பல்கலைக்கழக நூலகத்தின் பன்னிரண்டாம் மாடியில், பல்கலைக்கழகத் தலைவரின் ஜன்னலுக்கு வெளியே இன்னொரு ஜோடி கூடு வைத்தது. கேமரா வைத்து உலகமே அதைப் பார்த்தது. தாய்ப் பறவையின் காலில் அடையாள வளையம் இறுகி வீங்கியபோது, பிடித்து அறுத்தால் குஞ்சு அநாதையாகிவிடும் என்று வல்லுநர்கள் கையை விலக்கிக்கொண்டார்கள். குஞ்சு பறந்தது, தாய் அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தது.

இனி நஞ்சு. பேல் மேலின் முதல் இணை 1997-ல் இறந்தது விஷமேறிய புறாவைத் தின்று. 2011-ல் குஞ்சு பொரித்த இணை 2012 பிப்ரவரியில் சென்ட்ரல் பார்க்கிலேயே செத்துக் கிடந்தது. உடலில் எலிவிஷம் இருந்தது. இன்றைய எலிவிஷங்களில் பெரும்பாலானவை இரத்தம் உறைவதைத் தடுப்பவை. உறைவதற்கு உடலுக்கு வைட்டமின் கே வேண்டும். அதை உடல் மீண்டும் மீண்டும் பயன்படுத்திக்கொள்ளும் வழியை இந்த மருந்து அடைத்துவிடுகிறது. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் நடமாடும், தளரும், பட்டப்பகலில் வெளியே வந்து தடுமாறும். பருந்துக்கு அதைவிட எளிய இரை எது? புதிய தலைமுறை விஷங்கள் ஈரலில் நெடுநாள் தங்குவதால், ஒவ்வொரு எலியும் முந்தைய எலியின் மிச்சத்தோடு சேர்கிறது. கடைசியில் ஒரு சிறு காயம்கூடப் பருந்தின் உயிரைக் குடித்துவிடும்.

சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சி சாலைக் கூண்டு அறுபட்டு 2023 பிப்ரவரியில் தப்பிய ஃப்ளாக்கோ என்ற பெரிய ஆந்தை ஓராண்டு இந்தப் பூங்காவிலும் சுற்றுப்புறத்திலும் வேட்டையாடி வாழ்ந்தது. 2024 பிப்ரவரியில் கட்டடமொன்றின் கீழே விழுந்து இறந்தபோது உடற்கூறு ஆய்வில் புறாக்களிடமிருந்து தொற்றிய கடுமையான ஹெர்பீஸ் வைரஸும், நான்கு வகை எலிவிஷமும் கண்டறியப்பட்டன. நான்கு வகை. ஒரே பறவைக்குள்.

கூட்டை எடுத்தபோது நடைபாதை நிரம்பிய ஊரில் இதற்கு அப்படிக் கூட்டம் கூடாதது ஏன் என்று யோசித்திருக்கிறேன். சுள்ளி விழுவதை டெலஸ்கோப் காட்டும். அடித்தள அறையின் மூலையில், குப்பைத்தொட்டிக்குப் பின்னால், கறுப்புப் பெட்டிக்குள் வைத்திருக்கும் கட்டியை அது காட்டாது. வைத்தவர் கொலை செய்யும் எண்ணமில்லாத ஒரு கட்டடப் பராமரிப்பாளர். விஷத்துக்கும் பருந்தின் சாவுக்கும் இடையில் பல நாளும் பல தெருவும் கிடக்கின்றன. குற்றம் எந்தக் கதவைத் தட்டும்?

மாற்று இல்லாமலில்லை. எலி வளைக்குள் உலர்பனியை இட்டு மூடினால் கரியமில வாயு நிறைந்து எலிகள் உள்ளேயே இறந்துவிடும். வெளியே வந்து எந்தப் பருந்தின் வாயிலும் விழாது. நியூயார்க் பூங்காத் துறை 2016-ல் டாம்ப்கின்ஸ் ஸ்கொயர் பூங்கா உள்ளிட்ட இடங்களில் இதைச் செய்துபார்த்தது. எலிகளுக்குக் கருத்தடை உணவு வைத்துச் சோதிக்கும் சட்டமொன்றை ஃப்ளாக்கோவின் பெயரால் 2024 செப்டம்பரில் நகர மன்றம் நிறைவேற்றியது. மூடிய குப்பைத்தொட்டியும் ஒரு வழிதான்.

2023 மே மாதம் பேல் மேல் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. வளையம் இடப்படாத பறவை அது. 1991-ல் வந்ததுதான் இது என்று மெய்ப்பிக்க வழியில்லை என்போர் உண்டு. காட்டுச் செவ்வால் பருந்துக்கு உறுதிசெய்யப்பட்ட உச்ச வயது முப்பதுக்குச் சற்று மேல். அதே பறவையென்றால் அதையும் தாண்டியிருக்க வேண்டும். ஒரு தலைமுறை பார்வையாளர்கள் இடைவிடாமல் கண்டுவந்தார்கள் என்பதை நான் கனமான சாட்சியமாகவே எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பதிவேட்டில் இனி இன்னொரு பத்தியும் சேர வேண்டும்: கூட்டைச் சுற்றிய தெருக்களில் கறுப்பு விஷப்பெட்டி எந்தச் சுவரோரம் இருக்கிறது, எந்தக் கட்டடத்துடையது, பெட்டிமேல் ஒட்டிய சீட்டில் எந்த மருந்தின் பெயர் இருக்கிறது என்ற விவரம், முதல் சுள்ளி விழும் ஜனவரி தொடங்கிக் குஞ்சுகள் தாமே வேட்டையாடத் தேறும் ஆகஸ்ட் வரை, வாரந்தோறும்.