இழுக்கும் சார், இழுக்கும்!

சிறிய கார் ஒன்றின் பின்புறத்தில் டிரெய்லர் கொக்கி பொருத்திக்கொண்ட மனிதன் அந்த க்ஷணம் முதல் ஊருக்குப் பொதுச் சொத்தாகிவிடுகிறான் என்ற உண்மையை எந்தக் கடைக்காரரும் ரசீதில் அச்சிட்டுக் கொடுப்பதில்லை. கலிபோர்னியாவில், ஃப்ரீமான்ட் வாழ் தமிழ் மகாஜனங்களிடையே பெரிய டிரக் வைத்திருக்கும் கனவான்கள் அநேகர் உண்டு. ஆனால் அந்த டிரக்குகளில் ஒரு பலகையை ஏற்றினால் பெயிண்டில் கீறல் விழுந்துவிடுமாம். ஆகவே, நவராத்திரிக்கு முந்தின சனிக்கிழமையன்று, கொலுப் படிகளையும் மடக்கு மேஜைகளையும் மலைக்கு அப்பாலுள்ள மண்டபத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் என்ற பிரச்னை எழுந்தபோது, கமிட்டியார் ஏகமனதாக என் பக்கம் திரும்பி, "அண்ணா, நீங்கதான் ஹிட்ச் போட்டிருக்கீங்களே!" என்றார்கள். அதன் பலனாக ஏற்பட்ட இடுப்பு வலி இன்னும் தீராத நிலையில் இதை எழுதுகிறேன் என்பதை முன்னதாகவே தெரிவித்துவிடுவது நியாயம்.

"இந்தச் சின்னக் காரு இழுக்குமா?" என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு நம்மவர்கள் சொல்லும் பதில் வாசகர்களுக்குத் தெரியாததல்ல. நீங்களும் சொல்லியிருப்பீர்கள், பிறருடைய வண்டி விஷயத்தில் நானும் தாராளமாகச் சொல்லி வந்திருக்கிறேன். "இழுக்கும் சார், இழுக்கும்!" டி.வி.எஸ். 50-இன் மீது ஒரு குடும்பமும் அதன் அரிசி மூட்டையும் சேர்ந்து பிரயாணம் செய்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். குட்டியானை என்று செல்லப் பெயர் சூட்டிய சிறு வண்டியில் ஒரு வீட்டின் சகல சாமான்களையும் ஏற்றி, மேலே கட்டிலைப் போட்டு, கட்டிலின் மேல் இரண்டு ஆட்களையும் உட்கார வைத்து அனுப்பியவர்கள். பாரத்துக்கு ஓர் எல்லை உண்டு என்று நம்மிடம் யாராவது சொன்னால் அதை அபசகுனமாகத்தான் எடுத்துக்கொள்வோம்.

டிரெய்லரைப் பின்னோக்கிச் செலுத்துவதற்கு மிகச் சுலபமான உபாயம் ஒன்று உண்டு. அதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். அதற்கு முன் சில பூர்வாங்க விஷயங்கள்.

இழுக்குமா, இழுக்காதா என்பது இந்தத் தேசத்தில் வேதாந்த விசாரத்துக்குரிய விவகாரம். என் காரின் கையேட்டில், டிரெய்லர் இழுப்பதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை என்று நிர்த்தாட்சண்யமாக எழுதியிருக்கிறது. என் காரை விடுங்கள். டொயோட்டா கொரோலாவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் விற்கும் கொரோலாவின் கையேடு டிரெய்லர் வேண்டாம் என்கிறது; அதே பெயருள்ள வண்டியின் சாதாரண பெட்ரோல் ரகங்கள் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும், டிரெய்லருக்கென்று தனி பிரேக் இருக்கும் பட்சத்தில், ஆயிரம் கிலோவுக்கு மேலேயே இழுக்க அனுமதி பெற்றிருந்தன. மெல்போர்னிலுள்ள என் மைத்துனன் வாரந்தவறாமல் தோட்டத்து மண்ணையும், உடைந்த வேலியையும், எப்போதாவது ஒரு குளிர்பதனப் பெட்டியையும் தன் சிறிய காரின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு திரிகிறான், போதாக்குறைக்கு, "என்ன அத்தான், உங்க ஊர்க் காருக்கு முதுகெலும்பு இல்லையா?" என்று தொலைபேசியில் விசாரிக்கிறான். இதற்குக் காரணம் சொல்வோர் இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் டிரெய்லர் கட்டிய கார் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகலாகாது; கொக்கியின் மேல் அழுந்தும் பாரமும் அங்கே குறைவாகவே வைக்கப்படுகிறது; அமெரிக்காவில் வேகமும் அதிகம், கொக்கியின் மேல் பாரமும் அதிகம்; ஆகையால் அனுமதி சுருங்கிவிட்டது என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மைத்துனன் தேசத்தில் நூறு கிலோமீட்டர் வேகத்திலும் இழுக்கிறார்கள், கொக்கியின் மேல் பத்தில் ஒரு பங்கு பாரமும் வைக்கிறார்கள் என்பதை நினைத்தால் அந்த நியாயம் சமுத்திரத்தைத் தாண்டுவதற்குள் கரைந்துவிடுகிறது. மிச்சமுள்ள காரணத்தை வக்கீல்களின் கணக்கில் எழுதவேண்டும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

கார் வேண்டாம் என்கிறது. கடையில் வாங்கும் கொக்கியோ வேறு விதமாகப் பேசுகிறது. சிறிய கார்களுக்கென்று விற்கும் முதல் வகுப்புக் கொக்கியின் மேல் 2,000 பவுண்டு வரை இழுக்கலாம், 200 பவுண்டு வரை அழுத்தலாம் என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. கார் சொல்வது, கொக்கி சொல்வது ஆகிய இரண்டில் எது சிறியதோ அதுவே சட்டம் என்பது சாஸ்திரம்; எது பெரியதோ அதுவே சட்டம் என்பது கமிட்டி. நான் கொக்கியை வாங்கியது சைக்கிள் மாட்டும் சட்டத்தைச் செருகுவதற்காக. சிறு காருக்குக் கொக்கி வாங்கும் பேர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வாங்குகிறார்கள். செருகும் சதுரக் குழாய் ஒன்றேகால் அங்குலம். அதன் நுனியில் பொருத்தும் இரும்புக் குண்டுகள் மூன்று அளவுகளில் புழங்குகின்றன: ஒன்றே முக்காலே அரைக்கால் அங்குலம், இரண்டு அங்குலம், இரண்டே காலே வீசம் அங்குலம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கீழ்வாயிலக்கம் படித்த என் பாட்டனார் ஃப்ரீமான்ட்டில் இரும்புக் கடை வைத்திருந்தால் ஒரு நிமிஷமும் திணறியிருக்க மாட்டார். இன்ஜினீயரிங் படித்த நான் திணறினேன்.

பொருத்துவது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காரின் அடியில் மல்லாந்து படுக்க வேண்டும். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையங்களைச் சோப்புத் தண்ணீர் தெளித்துக் கழற்றி, அதைச் சற்றுத் தாழ்த்த வேண்டும். பிறகு காரின் அடிச்சட்டத்தின் உட்புறத்துக்குள் ஒரு சுருள் கம்பியை நுழைத்து, அதன் முனையில் போல்ட்டைத் திருகி, உரிய துவாரத்தின் வழியாக வெளியே இழுக்க வேண்டும். பாதி வழியில் கம்பி போல்ட்டைக் கைவிடுவது வழக்கம். அப்படி உள்ளே விழுந்த போல்ட், காரின் ஆயுள் பரியந்தம், திரும்பும்போதெல்லாம் உருண்டுகொண்டே இருக்கும். என் காரில் ஏறுகிறவர்கள் அந்த ஓசையைப் பற்றி விசாரிக்காமல் இருப்பது மரியாதை. மின்சார ஒயர் விவகாரம் இதைவிடச் சுவாரசியம்: ஜப்பானியக் கார்கள் பலவற்றில் பிரேக் விளக்குச் சிவப்பாகவும் திரும்பும் விளக்கு மஞ்சளாகவும் தனித்தனியே எரிய, அமெரிக்க டிரெய்லரிலோ ஒரே சிவப்பு விளக்கு இரண்டு உத்தியோகங்களையும் பார்ப்பதால், இரண்டையும் ஒன்றாக்கும் ஒரு சிறு பெட்டியை இடையில் வைத்தாலொழிய, நீங்கள் இடப்புறம் திரும்பப் போகிறீர்கள் என்ற ரகசியம் உங்களோடேயே இருந்துவிடும்.

டிரெய்லரை வாடகைக்கு எடுத்துச் சொந்தக் காரில் கட்டிக்கொண்டு போவது இந்தத் தேசத்தில் பழைய சம்பிரதாயம். வாஷிங்டன் மாநிலத்து ரிட்ஜ்ஃபீல்டில் ஷோயன் தம்பதிகள் யூ-ஹால் நிறுவனத்தைத் தொடங்கியது 1945-இல். அந்தக் காலத்துக் கார்களின் அடியில் கனத்த இரும்புச் சட்டம் தனியாக இருக்கும். எதைக் கட்டினாலும் தாங்கும். எங்கள் பேட்டையில் நான் போன வாடகைக் கடைப் பையன் என் காரைப் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டச் சொல்லிக் கொடுத்தான். கொக்கி கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலிகளின் மேல் விழவேண்டுமாம். அவன் சங்கிலிகளை மட்டும் அவ்வளவு விஸ்தாரமாக விளக்கியது எனக்கு உற்சாகமூட்டவில்லை.

ஏற்றும்போதுதான் முதல் சண்டை. மாட்டுவண்டியில் பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்தைப் பிடிக்கும் என்பதும், "பின்பாரமா இருக்கு, முன்னாலே தள்ளி உட்காருங்க" என்று வண்டிக்காரன் அதட்டுவான் என்பதும் கிராமத்தில் ஒரு நாளாவது இருந்தவர்களுக்குத் தெரியும். டிரெய்லருக்கும் தர்மம் அதுவே: மொத்தப் பாரத்தில் பத்து முதல் பதினைந்து சதவிகிதம் வரை கொக்கியின் மேல் அழுந்த வேண்டும், கனமெல்லாம் வாலில் இருந்தால், வேகம் பிடித்தவுடன் டிரெய்லர் இருபுறமும் ஆடத் தொடங்கி, காரையும் சேர்த்து ஆட்டிவிடும். தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து வந்த கமிட்டியார் இதை அறியாதவர்கள் அல்லர். ஆனால் மடக்கு மேஜைகளை முதலில் இறக்க வேண்டும், ஆகவே அவை கடைசியில்தான் ஏற வேண்டும் என்று வாதித்து, கனமான அத்தனையையும் வாலில் ஏற்றிவிட்டார்கள். அவர்கள் காப்பி குடிக்கப் போன சமயத்தில் எல்லாவற்றையும் இறக்கி மறுபடியும் ஏற்றினேன். இடுப்பு வலியின் பூர்வீகம் அங்கே இருக்கிறது.

மண்டபத்துக்குப் போகும் வழியிலுள்ள சூனோல் மேட்டைப் பற்றி ஒரே வார்த்தை. கலிபோர்னியாவின் சட்டப்படி டிரெய்லர் இழுக்கும் வாகனம் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக்கூடாது. அந்த மேட்டில் என் கார் அந்தச் சட்டத்தை மீறும் அபாயம் ஒரு கணமும் ஏற்படவில்லை.

இப்போது பின்னோக்கிச் செலுத்துவதற்கு வருகிறேன். மண்டபத்தின் பின்வாசல் ஒரு குறுகிய சந்தின் கோடியில் இருந்தது. ஸ்டீயரிங்கை இடப்புறம் திருப்பினால் டிரெய்லரின் வால் வலப்புறம் போகும் என்பது யாவரும் அறிந்ததே. நீளமான டிரெய்லர் நிதானமாக யோசித்துத் திரும்பும். குட்டையான டிரெய்லருக்கு யோசிக்கும் வழக்கமில்லை, நினைத்த மாத்திரத்தில் மடங்கிக்கொள்ளும். தவிர, நாலடி அகலமுள்ள டிரெய்லர், காரைவிடக் குறுகலாக இருப்பதால், நேராக வந்துகொண்டிருக்கும்வரை பக்கக் கண்ணாடிகளில் தென்படாது. தென்படுகிற அந்த நிமிஷத்தில் காரியம் கைமீறிப் போயிருக்கும். இந்த நிலையில் ஒரு மனிதனுக்குத் தேவை ஏகாந்தம். எனக்குக் கிடைத்தது மகாசபை.

முதலில் வந்தவர் பல் வைத்தியர். டிரெய்லருக்கு நேர் பின்னால், என் கண்ணுக்கு எட்டாத ஸ்தானத்தில் நின்றுகொண்டு, "ஒடிங்க! நல்லா ஒடிங்க!" என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டேன். "இந்தப் பக்கம்!" என்றார். கை காட்டியிருப்பார் போலும். அடுத்தவர் மென்பொருள் நிபுணர். அவர் என் ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டு, இது வெறும் கோணக் கணக்கு என்று தொடங்கி, தம் உள்ளங்கையில் விரலால் ஒரு முக்கோணத்தை வரைந்து காட்டி, அதை நான் கவனிக்கவில்லை என்று மறுபடியும் வரைந்தார். மூன்றாமவர் முன்னால் எடுத்து நேராக்கிக்கொண்டு வரச் சொன்னார். முன்னால் எடுத்து நேராக்கியதும், எதற்காக முன்னால் போனீர்கள் என்று நாலாமவர் கோபித்துக்கொண்டார். இடப்புறம் என்று ஒருவர் சொன்னால், அது அவருடைய இடப்புறமா, என்னுடையதா, ஸ்டீயரிங்கினுடையதா, டிரெய்லரினுடையதா என்று நான்கு விதமாக வியாக்கியானம் செய்யலாம், அவரோ, நான் எதைத் தேர்ந்தெடுத்தாலும், "அந்த லெஃப்ட் இல்லே சார்!" என்றார். ஒருவர் இதையெல்லாம் செல்போனில் படம் பிடித்தார். அவருடைய டிரக் பக்கத்தில்தான் நின்றது, நல்ல பளபளப்பு. சுண்டல் பாத்திரத்தோடு வந்த ஒரு மாமி, "கழட்டித் தள்ளிண்டு போனா என்ன?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

உபாயத்தைச் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? சொல்கிறேன், இந்தப் பெரியவரை முடித்துவிடுகிறேன். மகனோடு ஆறு மாதம் தங்க வந்திருக்கும் அவர் ஊரில் அரசாங்கப் போக்குவரத்துக் கழகமொன்றில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்தவர் என்று தெரிந்ததும், கூட்டம் இரண்டாகப் பிளந்து அவருக்கு வழிவிட்டது. அவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, டிரெய்லரின் பக்கப்பலகையில் கை வைத்து, "வரலாம்... வரலாம்... வரலாம்..." என்று ராகம் இழுத்தார். நம் ஊர் பஸ்களில் தட்டும் சம்பிரதாயம் எனக்கு ஞாபகம் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் நில், இரண்டு தட்டினால் போ. அவர் மூன்று தட்டினார். நின்றேன். "ஏன் தம்பி நிக்கறீங்க? வரலாம்!" வந்தேன். நாலு தட்டினார். "ஏன் தம்பி வர்றீங்க?" கரும்பு சீசனில் அவர் ஊர் டிராக்டர்காரப் பையன், மீசை கூட முளைக்காதவன், இரண்டு டிரெய்லரைக் கோத்துக்கொண்டு ஆலை வாசலில் பின்னாலேயே போவானாம், அதுவும் ஒற்றைக் கையால், மற்றக் கையில் டீ கிளாஸாம். இதைக் கேட்டுக் கூட்டம் என்னை அனுதாபத்தோடு நோக்கியது. அந்த வேளையில் டிரெய்லர் வலப்புறம் எட்டிப் பார்த்தது. பிறகு காருக்கே குறுக்காக நின்றது. பெரியவர் ஒருமுறை தட்டினார். கழகத்தில் எந்தப் பிரிவில் இருந்தீர்கள் என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன். "அக்கவுண்ட்ஸ்" என்றார்.

காரை விட்டு இறங்கி, விளக்கு ஒயரைப் பிடுங்கி, சங்கிலிகளைக் கழற்றி, கொக்கியின் நெம்புகோலைத் தூக்கி டிரெய்லரை விடுவித்தேன். கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள், யாரும் கூப்பிடாமலே வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். மூவருமாக அதைச் சந்தின் வழியே தள்ளிக்கொண்டு போய்ப் பின்வாசலில் நிறுத்தினோம். மகாசபையார் கைகளைப் பின்னால் கட்டியபடி கூடவே நடந்து வந்து, "பாத்து, பாத்து" என்றார்கள். ஒரு கையாவது அந்த மரத்தின் மேல் படவில்லை. பெரியவரின் கை பட்டது, தட்டுவதற்கு.

படிகளெல்லாம் இறங்கிய பிறகு அவர் என் பக்கத்தில் வந்து நின்று, கொக்கி என்ன விலை, எத்தனை வருஷம் உழைக்கும், டிரெய்லருக்கு வாடகை எவ்வளவு, மேட்டில் பெட்ரோல் எவ்வளவு குடித்தது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். சுண்டல் கட்டிக்கொடுத்த காகிதத்தின் பின்புறத்தில் எல்லாவற்றையும் எழுதினார், கொக்கிக்குத் தேய்மானம் போட்டார், காருக்கும் போட்டார். கூட்டிப் பார்த்துவிட்டு, டிரைவரோடு ஒரு வேன் பிடித்திருந்தால் செலவு இதைவிடக் குறைந்திருக்கும் என்றார். காகிதத்தை வாங்கி நானும் கூட்டிப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.