சால்வை எடுக்கப் போற மருமவனுக்கு

மருமவனே, பள்ளிக்கூடத்துக் கூட்டாளிங்க எல்லாம் கூடப்போறீங்களாமே! நூறடி ரோட்டுல மண்டபம், வாத்தியாருங்களுக்குச் சால்வை, மட்டன் பிரியாணி, சாயங்காலம் காந்தி செலைகிட்ட போட்டோ. பத்திரிகையும் பாத்தேன். "எங்களைச் செதுக்கிய சிற்பிகளே"ன்னு அடிச்சிருக்கீங்க. உங்க வாத்தியாரு வந்து உன் தொப்பையப் பாத்துட்டு, "இத நான் செதுக்கல"ன்னு மைக்குலயே சொல்லிடப்போறாரு. எதுக்கும் முன்கூட்டியே ஒருதரம் போயி முகத்தக் காட்டிட்டு வந்துடு.

மேடையில ஏறினா ஒண்ணு மட்டும் பேசாத. "அவரு பிரம்படியாலதான் ஆளானேன்" அப்படிம்பீங்க எல்லாரும். அடிதான் ஆளாக்கும்னா, வகுப்புலயே அதிகமா வாங்கின நீ இந்நேரம் தலைமைச் செயலாளரா இருக்கணும். வாத்தியாருக்குக் காய்ச்சல் வரணும்னு மணக்குள விநாயகருக்குத் தேங்கா நேந்துகினவன்தான நீ? 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டத்துலயே பிள்ளைங்கள அடிக்கக் கூடாதுன்னுட்டாங்க. அந்தாளு எண்பது வயசுல சால்வை போத்திக்கினு உக்காந்திருக்கும்போது, பழைய கேஸையெல்லாம் மைக்கு வெச்சு ஏன் கிளர்ற?

அப்புறம், உன் ஞாபகத்துல பாதி வாத்தியாரப் பத்தினது இல்ல, வாசல்ல நின்ன ஐஸ்காரரப் பத்தினது. சேமியா ஐசு, எலந்தவடை, மொளகாத்தூள் தடவின மாங்கா. சால்வையில ஒண்ணு அவருக்கும் எடு. ஏழாவதுல எடுத்த கணக்கு உனக்கு மறந்துபோச்சு, அவருகிட்ட வெச்ச கடன் மறக்கலயே.

எங்க காலத்துல புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் கையில; தமிழுக்கு ஒரு வாத்தியாரு, பிரெஞ்சுக்கு ஒரு முசே. 1954 அக்டோபர் 18ஆம் தேதி நம்ம கீழூர்ல 178 பிரதிநிதிங்க கூடி ஓட்டுப் போட்டாங்க. 170 பேரு இந்தியாவோட சேரணும்னாங்க, 8 பேரு வேணாம்னாங்க. நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறிச்சு. வெள்ளக்காரன் போறான், சரித்திரம் மாறுதுன்னு பெரியவங்க பேசிக்கினு இருக்காங்க. பசங்க நாங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: நாளைக்கு லீவா?

வாத்தியாருக்கு இந்த ஊரு குடுத்த மரியாத வேற எங்க கெடைக்கும்? மிஷன் வீதியில கலவை சுப்புராய செட்டியார் 1877ல ஆரம்பிச்ச பள்ளிக்கூடம் இன்னும் நிக்குது. அதுல படிச்ச கனகசுப்புரத்தினம் 1909ல, பதினெட்டு வயசுல, காரைக்கால் நிரவியில வாத்தியாரா சேந்தாரு. முப்பத்தேழு வருசம், 1946 வரைக்கும் சாக்குக்கட்டி புடிச்சாரு. உலகத்துக்குத்தான் அவரு பாரதிதாசன், அன்னைக்கு ஊருக்குள்ள அவரு வாத்தியாரு. கொட்டடி வாத்தியாரு வேணு நாயக்கர் கல்யாணத்துல அவரு பாரதி பாட்ட எடுத்துப் பாடினாராம். எழுதின ஆளே எதிர்ல உக்காந்திருக்காருன்னு தெரியாது. நீங்களும் கரோக்கே வெக்கிறீங்களாமே, எதிர்ல யாரு உக்காந்திருக்காங்கன்னு பாத்துப் பாடுங்க.

படிப்பு ஏறாதவன் வெக்கப்படவும் வேணாம். நம்ம ஊருல வந்து தங்கி, 2021ல இங்கயே கண்ண மூடின எழுத்தாளர் கி.ரா. எட்டாவதத் தாண்டாதவரு. மழைக்குத்தான் பள்ளிக்கூடத்துல ஒதுங்கினேன்னு அவரே சொல்லிக்குவாரு. அவரக் கூப்பிட்டுத்தான் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் பேராசிரியரா உக்காரவெச்சுது. உங்க கடைசி பெஞ்சுக்காரங்களுக்கு இதச் சொல்லி வை, தெம்பா பிரியாணி சாப்பிடுவாங்க.

இப்ப மாமன் ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. இம்புட்டு உருகுறியே, உன் சின்னவள எந்தப் பள்ளிக்கூடத்துல சேத்திருக்க? நீ படிச்ச கவர்மென்ட் பள்ளிக்கூடத்துலயா? முன்ன கேட்டப்ப, "அங்க சி.பி.எஸ்.இ. இல்ல மாமா"ன்ன. அப்ப அது நெசம். புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் தமிழ்நாட்டுப் பாடம், மாஹேக்குக் கேரளா, ஏனாமுக்கு ஆந்திரா. ஒரே சர்க்காரு, மூணு மாநிலத்துப் பரீட்ச! இப்ப கவர்மென்ட் பள்ளிக்கூடத்துலயே சி.பி.எஸ்.இ. வந்துடுச்சு. அந்தச் சாக்கும் போச்சு. வேற சாக்கு வெச்சிருப்ப, இல்லன்னா நீ என் தங்கச்சி புள்ளையா?

சால்வைக்கடைக்குப் போறதுக்கு முன்னாடி நீ படிச்ச பள்ளிக்கூடத்துக்குள்ள ஒருதரம் போ. ஒண்ணாவதுல எத்தன புள்ளைங்கன்னு பெரிய டீச்சரக் கேளு. குழாயில தண்ணி வருதா, கக்கூசுக்குக் கதவு இருக்குதான்னு பாரு. பிரியாணிக் காசுல பாதி போதும், ரெண்டையும் சரி பண்ணிடலாம். புள்ளைங்க இல்லன்னு அந்தப் பள்ளிக்கூடத்த மூடிட்டாங்கன்னா, அடுத்த தடவ எந்தப் பள்ளிக்கூடத்துப் பேரச் சொல்லிக்கினு கூடுவீங்க?