செமிகோலன் மகாத்மியம்

வீட்டில் நான் செய்யும் வேலை எதுவும் யார் கண்ணிலும் படுவதில்லை. இதற்கு என் மனைவி வைத்திருக்கும் பெயர் சோம்பல். கணித மென்பொருள்களோ இதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கின்றன: வரைவது வேறு, காட்டுவது வேறு.

மகளுக்கு சைன் வளைவு வரைந்து காட்ட மாத்தமேட்டிகாவைத் திறந்தேன். வரையச் சொல்லும் பிளாட் கட்டளையை அடித்து, கடைசியில் கம்பீரமாக ஒரு செமிகோலன் வைத்தேன். திரை வெறிச்சோடிக் கிடந்தது.

"படம் எங்கப்பா?"

"உள்ளே தயாரா இருக்கும்மா."

2007-ல் மாத்தமேட்டிகாவின் ஆறாம் பதிப்பு வரும்வரை செமிகோலனுக்கு இத்தனை அதிகாரம் கிடையாது. அதுவரை பிளாட், படத்தைப் போகிறபோக்கில் திரையில் வீசிவிட்டு, விடை என்று '-கிராபிக்ஸ்-' என்ற ஒற்றைச் சொல்லைத் தரும். செமிகோலன் அந்தச் சொல்லைத்தான் விழுங்கும். ஆறாம் பதிப்பிலிருந்து படமே விடை. செமிகோலன் விடையை மறைத்தால் படமும் போச்சு. மேட்லாப் என்ற இன்னொரு கணித மென்பொருளில் இந்த வம்பில்லை. அங்கே எத்தனை செமிகோலன் போட்டாலும் படம் வந்து நிற்கும்.

"அந்தக் குறியை உங்க வாய்க்குப் போட முடியுமா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

பைத்தான் நிரல்மொழிக்குத் தாவினேன். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பார்ப்பதற்காக ஜான் ஹண்டர் உருவாக்கிய மேட்பிளாட்லிப் என்ற அதன் வரைபடத் தொகுப்பு 2003-ல் வெளிவந்தது. அதில் பிளாட் என்றால், இன்ன நினைவக முகவரியில் ஒரு கோடு குடியிருக்கிறது என்று தகவல் மட்டும் வரும். கோட்டை வாசலுக்கு அழைக்க 'ஷோ' என்று தனியாகச் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் எனக்கு யாரும் ஷோ சொல்லாததுதான் குறை என்றேன். அடுப்படியில் ஒரு பாத்திரம் பலமாக வைக்கப்பட்டது.

மகள் அதற்குள் டேன் சார்பை வரைந்துவிட்டாள். 90 பாகையில் மேலிருந்து கீழாக ஒரு தூண்!

"அதுதான் அணுகுகோடு. மென்பொருளே கண்டுபிடித்துப் போட்டிருக்கிறது" என்றேன், பேராசிரியர் தோரணையில்.

"இல்லப்பா. அதுக்கு வளைவே தெரியாது. சில இடங்களில் மட்டும் மதிப்பைக் கேட்டு, புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கும். இங்கே ஒரு புள்ளி உச்சியில், அடுத்தது பாதாளத்தில். நடுவில் என்னன்னு விசாரிக்காமல் இழுத்துவிட்டது."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு வார்த்தை காதில் விழுந்தா, நடுவில் தானா கோடு போட்டு முழுக் கதையா ஊரெல்லாம் சொல்ற ஆளு. உங்கப்பாவுக்கு இது தெரியாம இருக்குமா?"