இல்லாத கட்டைவிரலுக்குப் பட்டா

ஏம்ப்பா தம்பி, சர்க்கரை அரிச்ச காலை டாக்டர் முழங்காலுக்குக் கீழே எடுத்துட்டாரு. ராத்திரி உங்கப்பா ‘கட்டைவிரல் எரியுதுடா’ன்னு கத்துனா, நீ ‘அங்க விரலே இல்லையேப்பா’ங்கிறியாம். அடேங்கப்பா, என்னா கண்டுபிடிப்பு! கால் போனது அவருக்கே தெரியாது பாரு.

நம்ம ஸ்டான்லியில டாக்டருக்குப் படிச்சுட்டு அமெரிக்கா போன வி.எஸ். ராமச்சந்திரன், 1990-கள்ல கை போனவங்களைக் கண்ணை மூடச் சொல்லி, கன்னத்துல பஞ்சால தொட்டுப் பார்த்தாரு. சிலர், ‘போன கையிலயும் தொடுற மாதிரி இருக்கு’ன்னாங்க. மூளையில உடம்புக்கு ஒரு வரைபடம் உண்டாம்; அதுல கையும் முகமும் பக்கத்துப் பக்கத்து மனை. கை காலியானதும் முகம் வேலியைத் தள்ளிப் போட்டுடுச்சுன்னாரு. ஏரிக்கரையில வேலி நகர்றதைப் பார்த்தே வளர்ந்த செம்பாக்கத்துக்காரனுக்கு இது புரியாதா?

1995-ல ஜெர்மனியில ஹெர்டா ஃப்ளோர்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு மூளையோட காந்த அலையை அளந்து, வேலி எவ்வளவு நகர்ந்திருக்கோ அவ்வளவு வலின்னு தீர்ப்பே எழுதிட்டாங்க. 2013-ல ஆக்ஸ்ஃபோர்டுல தமார் மேக்கின்ங்கிற ஆராய்ச்சியாளர் அப்பீல் போட்டாங்க. இல்லாத கையை அசைக்கச் சொல்லி எம்.ஆர்.ஐ.யில பார்த்தா, கையோட இடம் பாட்டுக்கு வேலை பார்க்குது; வலி கூடுதலா இருக்கிறவங்களுக்கு இன்னும் பலமா. போதாக்குறைக்கு, 2025-ல வந்த ஆராய்ச்சியில மூணு பேருக்குக் கையை எடுக்கும் முன்னாடியும் அப்புறமும் படம் பிடிச்சுப் பார்த்தாங்க. வரைபடம் அப்படியே கிடக்கு. பழைய பட்டாதாரர் உள்ளதான் உட்கார்ந்திருக்காரு! வேலி நகர்ந்ததா இல்லையான்னு அவங்க அடிச்சுக்கட்டும். வலி பொய்யின்னு ரெண்டு தரப்புல ஒருத்தரும் சொல்லல, நீ ஒருத்தன்தான் சொல்ற.

உடனே ஸ்கேன் எடுக்கணும்னு தாம்பரத்துக்கு ஆட்டோ கூப்பிடாதே. அந்தப் படமெல்லாம் ஆராய்ச்சிக்கு. அது உங்கப்பா வலியை அளக்கிற மீட்டர் இல்ல. அதுலயும் இந்த ஆராய்ச்சியெல்லாம் கையில நடந்தது, இவருக்குப் போனது காலு. வெட்டின இடத்துல நரம்பு முடிச்சு விழுந்திருக்கான்னு டாக்டரைப் பார்க்கச் சொல்லு, நரம்பு வலிக்குத் தனி மாத்திரை இருக்கு. ராமச்சந்திரனோட கண்ணாடி வைத்தியமும் உண்டு: ரெண்டு காலுக்கும் நடுவுல கண்ணாடி வச்சு நல்ல காலை அசைச்சா, போன காலே அசையுற மாதிரி தெரியும். சிலருக்குக் கேட்குது, சிலருக்குக் கேட்கல. பிசியோதெரபிக்காரர்கிட்ட கத்துக்கிட்டுச் செய். அதுக்குன்னு பீரோக் கண்ணாடியைக் கழட்டிப்புடாதே, உங்கம்மா உன் காலை எடுத்துடுவா.