அடிக்கு இவ்வளவு

எங்கள் அப்பாரு கிணறு வெட்ட ஆள் வைக்கும் முன், அந்த ஆள் ஏற்கெனவே வெட்டிய கிணறுகளைப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவார். சுவர் சரியாமல் நிற்கிறதா, படி ஒழுங்காக இறங்குகிறதா, சித்திரையிலும் ஊற்று இருக்கிறதா. மேஸ்திரிக்கு வேறு தகுதிச் சான்றிதழ் கிடையாது.

கூலி, மட்டு என்ற ஆழ அளவுக் கணக்கில். ஒரு மட்டு இறங்கவே நாள் பல ஆகும். பாறை வந்தால் தமர் (துளை) அடித்து, மருந்து கெட்டித்து, வெடி வைப்பார்கள். கையில் காசு தீர்ந்தால் வேலையை நிறுத்திவிட்டு, மஞ்சள் விற்ற பிறகு தொடரலாம். அரைக்கிணறு வருஷக்கணக்கில் கிடந்தாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். தூர் வாரும்போது அதே மேஸ்திரியே வருவார். அந்தக் காலத்தை ரொம்பவும் மெச்ச வேண்டியதில்லை. வெடியில் விரல் போனவர்களுக்கு யாரும் நஷ்டஈடு தரவில்லை. கிணற்றை வெட்டியவர்கள் அதே கிணற்றில் தண்ணீர் சேந்தக் கூடாது என்று வைத்திருந்த ஊர்களும் இருந்தன.

இன்று ஆழ்துளைக் கிணறு போட ஒரு போன் போதும். "சாயங்காலம் வண்டி வந்துருமுங்க" என்பார் ஏஜென்ட். பெரும்பாலும் திருச்செங்கோட்டு வண்டி. வட இந்தியா வரை போய்ப் பாறையைத் துளைத்துவிட்டு வருபவர்கள் அந்த ஊர்க்காரர்கள். 1960களின் பிற்பகுதியில், பீகார் பஞ்சத்தை ஒட்டி, குடிநீருக்காக யுனிசெஃப் கொண்டுவந்த காற்றழுத்தச் சுத்தியல் எந்திரத்தின் வாரிசுதான் இந்த ரிக் வண்டி. 1990இல் தமிழ்நாட்டு விவசாயிகள் எல்லோருக்கும் மின்சாரம் இலவசமானது. எவ்வளவு ஆழத்திலிருந்து இறைத்தாலும் பில் இல்லை என்றான பிறகு, ஆழத்துக்கு யார் அஞ்சுவார்கள்?

வண்டி வரும் முன் இடம் பார்க்க வேண்டுமே. எங்கள் தோட்டத்தில் நாலு கம்பியை நட்டு மின்தடை அளந்த நிலவியல் நிபுணர் வடகிழக்கைக் காட்டினார். உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி நடந்த பெரியவரும் அதே இடத்தில் நின்றார். ஈசானி மூலை என்பதால் வாஸ்துக்காரருக்குப் பரம திருப்தி. மூன்று சாஸ்திரமும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்த அந்த இடத்தில்தான் விடிய விடியப் புகை வந்தது.

புகை என்றால் கல்தூள். தண்ணீர் தட்டும்வரை ஆறரை அங்குலக் குழியிலிருந்து அதுதான் வரும். முதல் 300 அடிக்கு ஒரு ரேட். அப்புறம் நூறு நூறாக ரேட் ஏறும். கேசிங் பைப் தனிக்கணக்கு. நள்ளிரவு தாண்டி 600 அடியில் வண்டிச் சத்தம் நின்றது. தென்னை, வேலி, நாங்கள் எல்லாம் வெளுத்துப் போயிருந்தோம். "இவ்வளவு தூரம் வந்துட்டோம். இன்னொரு நூறு போட்டுப் பாத்தறலாமுங்க" என்றார் டிரில்லர். நிறுத்தினால் போட்ட காசு அத்தனையும் மண். தொடர்ந்தால் அடிக்கு இன்னும் கூடுதல். அப்பாருவுக்கு யோசிக்க ஒரு மஞ்சள் வெள்ளாமைக்காலம் முழுவதும் கிடைத்தது. எங்களுக்குக் கிடைத்தது ஒரு டீ குடிக்கும் நேரம். போட்டோம். அந்த நூறும் புகை.

சட்டம் இல்லாமல் இல்லை. நிலத்தடி நீருக்கென்று 2003இல் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. நடைமுறைக்கே வராமல் 2013இல் அது ரத்தானது. 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்னும் இருக்கிறது: 15 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும், துளையிடும் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும், கைவிட்ட குழியை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். "வண்டிக்குப் பதிவு இருக்குதுங்களா?" என்று ஏஜென்ட்டிடம் கேட்டேன். "ஆர்சி புக்கு பக்காவா இருக்குதுங்க" என்றார்.

தண்ணீர் வராத குழியிலிருந்து கேசிங் பைப்பை உருவிக்கொண்டால் பில்லில் குறையும் என்று அவரே யோசனையும் சொன்னார். பைப் போன பிறகு அங்கே இருப்பது திறந்த வாய் மட்டும்தான். வண்டி மறுநாள் வேறு மாவட்டத்தில் நிற்கும். தூர் வார வந்த மேஸ்திரி மாதிரி அது திரும்பி வராது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து இறந்ததும் கைவிட்ட ஒரு குழியில்தான். நாங்கள் பைப்பை உருவ விடவில்லை. மூடி போட்டு, பின்னர் ஜல்லியும் மண்ணும் கொட்டி நிரப்பினோம்.

போர் போடப் போகிறவர்கள் ரேட்டை எழுதி வாங்குங்கள். எத்தனையாவது அடியில் நிறுத்துவது என்பதைப் பகல் வெளிச்சத்திலேயே முடிவுசெய்யுங்கள். ஆழத்தைச் சரிபார்க்க, இறங்கும் ராடுகளை நீங்களே எண்ணுங்கள். உங்கள் தோட்டத்தில் பழைய குழி ஏதாவது இருந்தால், அதற்கு மூடி இருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள்.